கனிம வேதியியல் பேராசிரியர்களைப் பற்றி மாணவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

முதுகலை வேதியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: அவருடைய துறையில் கனிம வேதியியலை இரண்டு பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். முதலாமவரை, "அருமையாக நடத்துவார், எல்லாம் புரியும், அவர் நோட்ஸ் மட்டும் படித்தால் போதும்" என்று சீனியர்கள் புகழ்கிறார்கள். இரண்டாமவரை, "குழப்புவார், கேள்விக்கு மேல் கேள்வி கேட்பார், மதிப்பெண் போடமாட்டார்" என்று எச்சரிக்கிறார்கள். அடுத்த பருவத்தில் விருப்பப் பாடத்தையும், இறுதிப் பருவத்தில் ப்ராஜெக்ட் வழிகாட்டியையும் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கருத்துகளை எந்த அளவுக்கு நம்பி முடிவெடுப்பது என்பதே அவருடைய கேள்வி.

கனிம வேதியியலை நெடுங்காலமாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் என்ன நடந்தது என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் பயன்படும். அந்த வகுப்பினால் தாங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டோம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பயன்படாது. இது எல்லாப் பாடங்களுக்கும் பொருந்தும் என்றாலும், கனிம வேதியியலில் இந்த இடைவெளி மிகவும் அகலமானது. அதற்குக் காரணம் பாடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கனிம வேதியியல் என்ற ஒரே பெயரின் கீழ், ஒன்றோடொன்று தொடர்புடைய, ஆனால் கற்கும் முறையில் முற்றிலும் வேறுபட்ட பல பாடங்கள் இருக்கின்றன. இளங்கலையில் நீங்கள் படித்தது பெரும்பாலும் தனிமங்களின் தொகுதிவாரியான வேதியியல்: போரான் தொகுதி, நைட்ரஜன் தொகுதி, ஹாலஜன்கள், அவற்றின் சேர்மங்கள், தயாரிப்பு முறைகள், பண்புகள், பயன்கள். அங்கே ஒழுங்காகத் தொகுத்து, கரும்பலகையில் அட்டவணை போட்டு, நிதானமாக எழுத வைக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர். அந்தப் பகுதிக்கு அது சரியான முறையும்கூட. முதுகலைக்கு வந்ததும் உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த அணைவுச் சேர்மங்களின் பிணைப்பு, நிறமாலை, காந்தப்பண்பு, மூலக்கூறுகளின் சீர்மையைக் கணிதமுறையில் ஆராயும் குரூப் தியரி, கரிம உலோகச் சேர்மங்கள், வினை வழிமுறைகள் என்று பாடம் வேறு உருவெடுக்கிறது. இங்கே நினைவாற்றல் பாதி தூரத்துக்கு மேல் கைகொடுக்காது. ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குக் காரணத்தைக் கைப்பற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே "இவர் நன்றாக நடத்துவார்" என்று ஒரு சீனியர் சொன்னால், எந்த அலகை நடத்தினார் என்று உடனே கேளுங்கள். ஹாலஜன்களை நன்றாக நடத்தினார் என்பதை வைத்து அணைவுகளின் நிறமாலையை விளக்கும் டனாபே-சுகானோ வரைபடங்களையும் அவ்வாறே நடத்துவார் என்று முடிவு செய்ய முடியாது. அதேபோல், குரூப் தியரியில் ஒருவரைப் பிடிக்காமல் போன மாணவர்களுக்கு அந்த ஆசிரியரைப் பிடிக்கவில்லையா, அந்தத் தலைப்பைப் பிடிக்கவில்லையா என்பது அவர்களுக்கே தெளிவாக இருக்காது. அணிகளையும் சீர்மைச் செயல்களையும் முதன்முறையாகச் சந்திக்கும் வகுப்பு அது. கணிதத்தை விட்டு விலகி வேதியியலுக்கு வந்தவர்களுக்கு அங்கே அச்சம் வருவது இயல்பு. அந்த அச்சத்தின் பழி பாடம் எடுப்பவர் மேல் விழுகிறது.

ஒரு வகுப்பை அருகில் சென்று பார்ப்போம். தலைப்பு படிகப்புலக் கொள்கை: அணைவில் உலோகத்தின் டி மட்டங்கள் ஆற்றலில் பிளவுபடுவதை விளக்கும் கொள்கை. முதலாவது ஆசிரியர், ஈனிகளை, அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகளையும் அயனிகளையும், வலிமைப்படி அடுக்கிய நிறமாலை வேதி வரிசையை எழுதிப் போடுகிறார். ஃபுளூரைடு வலிமை குறைந்த ஈனி, ஆகவே கோபால்ட்டின் ஹெக்ஸாஃபுளூரோ அணைவு உயர் சுழற்சி, அதாவது எலக்ட்ரான்கள் கூடியவரை இணையாமல் நிற்கும் நிலை; நான்கு தனித்த எலக்ட்ரான்கள், பாரா காந்தத்தன்மை. அம்மோனியா வலிமை மிக்க ஈனி, ஆகவே ஹெக்ஸாஅம்மின் அணைவு தாழ் சுழற்சி, அதாவது எலக்ட்ரான்கள் தாழ்ந்த மட்டத்தில் இணைந்துவிடும் நிலை; தனித்த எலக்ட்ரான் இல்லை, டையா காந்தத்தன்மை என்று இரண்டு படங்களையும் அருகருகே வரைகிறார். படங்கள் தெளிவு, கையெழுத்து தெளிவு, நாற்பது நிமிடத்தில் பாடம் முடிகிறது. வகுப்பை விட்டு வெளியே வரும் மாணவருக்கு மனநிறைவு.

இரண்டாமவர் இதே இரண்டு எடுத்துக்காட்டுகளையும் சொல்லிவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறார். அந்த வரிசையில் நீர், ஃபுளூரைடுக்குச் சற்றே மேலே இருக்கிறது; அம்மோனியாவுக்குக் கீழே இருக்கிறது. அப்படியானால் மூன்று நேர்மின்சுமை கொண்ட கோபால்ட், ஆறு நீர் மூலக்கூறுகளுடன் சேர்ந்த அணைவு எப்படி இருக்கும்? வகுப்பு "உயர் சுழற்சி" என்கிறது. அவர், "இல்லை, தாழ் சுழற்சி" என்கிறார். சரி, அப்படியானால் நீரை வலிமை மிக்க ஈனி என்று எழுதிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். உடனே அவர், இரண்டு நேர்மின்சுமை கொண்ட இரும்பு அயனியை எடுத்துக்கொள்கிறார். அதற்கும் டி மட்டத்தில் ஆறு எலக்ட்ரான்களே. ஈனியும் அதே நீர். ஆனால் அந்த அணைவு உயர் சுழற்சி. இப்போது வகுப்பில் அமைதி. மணி அடிக்கிறது. மாணவர்கள் "குழப்பிவிட்டார்" என்று சொல்லிக்கொண்டே வெளியேறுகிறார்கள். அடுத்த நாள் அவர், உலோக அயனியின் மின்சுமை உயரும்போது ஆற்றல் பிளப்பும் உயர்கிறது, ஈனியின் வலிமை என்பது தனித்து நிற்கும் ஒரு முத்திரை அன்று, பிளப்பு ஆற்றலையும் எலக்ட்ரான்கள் இணைவதற்கான ஆற்றலையும் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும் என்று விளக்குகிறார். அதைக் கேட்க வந்தவர்களுக்கு அந்தப் பாடம் வாழ்நாள் முழுதும் நிற்கும். முந்தைய நாள் மாலையிலேயே கருத்துச் சொல்லச் சொன்னால், முதலாமவருக்கே அதிக மதிப்பெண் விழும்.

முதலாமவரைக் குறைத்து மதிப்பிட இதைச் சொல்லவில்லை. அவர் சொன்ன எதுவும் தவறன்று. தேர்வுக்கு அது போதுமானதும்கூட. ஆனால் தேசிய அளவிலான நெட் தேர்விலோ கேட் தேர்விலோ நீர் அணைவைப் பற்றிய கேள்வி வரும்போது, பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் ஓராண்டுக்குப் பின் நிகழ்வதால், அதை யாரும் அந்த ஆசிரியரோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. மாணவர் கருத்தின் அடிப்படைக் குறை இதுதான்: பாடத்தின் பயன் தெரியவரும் காலத்துக்கு முன்பே கருத்து கேட்கப்படுகிறது, சொல்லப்படுகிறது, பரவுகிறது.

"குழப்புவார்" என்ற சொல்லைக் கனிம வேதியியலில் கேட்கும்போதெல்லாம் நான் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: எதில் குழப்பினார்? பெரும்பாலான நேரங்களில், ஒரே செய்திக்கு இந்தப் பாடத்தில் இரண்டு மரபுகள் இருப்பதே அந்தக் குழப்பத்தின் ஊற்றாக இருக்கும். இரண்டு கரிம வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பு அமைந்த ஃபெரோசீனில், இரும்பைச் சுற்றியுள்ள பதினெட்டு எலக்ட்ரான்களை எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறையில் இரும்பு நடுநிலை அணு, அதற்கு எட்டு, வளையம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து, மொத்தம் பதினெட்டு. மற்றொரு முறையில் இரும்பு இரண்டு நேர்மின்சுமை கொண்ட அயனி, அதற்கு ஆறு; எதிர்மின்சுமை கொண்ட வளையம் ஒவ்வொன்றுக்கும் ஆறு; இங்கும் பதினெட்டு. முதல் பருவத்தில் ஓர் ஆசிரியர் ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்து, மூன்றாம் பருவத்தில் வேறொருவர் மற்றதைச் சொல்லிக்கொடுத்தால், இரண்டையும் கலந்து எண்ணும் மாணவருக்குப் பதினாறோ இருபதோ வரும்; பின்னால் வந்த ஆசிரியர் தவறாக நடத்துகிறார் என்ற பேச்சு விடுதியில் கிளம்பும். நீர் மூலக்கூறின் அதிர்வுகளிலும் இதே கதைதான். மூலக்கூறை எந்தத் தளத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சீர்மையற்ற நீட்சி அதிர்வின் குறியீடு பி ஒன்று என்றோ பி இரண்டு என்றோ வரும். கரும்பலகையில் ஒன்றும் நூலகப் புத்தகத்தில் மற்றொன்றும் இருந்தால், "புத்தகத்துக்கு மாறாக நடத்துகிறார்" என்ற குற்றச்சாட்டு எழுகிறது. இரண்டும் சரியே. அச்சுகளை எப்படித் தேர்ந்துகொண்டேன் என்பதை ஆசிரியர் முதலிலேயே சொன்னாரா என்பது மட்டுமே இங்கே நியாயமான விசாரணை. சொல்லாமல் விட்டிருந்தால் குறை அவருடையதுதான்; அதைச் சுட்டும் மாணவர் கருத்து மதிப்புள்ளது.

மாணவரின் மதிப்பீடும் மாணவரின் கற்றலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே மிகவும் பொருத்தமானது. மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரையும், மற்றொரு பிரிவுக்கு அதே பாடப்பொருளைத் தாங்களே சேர்ந்து தீர்த்துப் பார்க்கும் வகுப்பும் கொடுத்தார்கள். தேர்வில் இரண்டாவது பிரிவினரே மிகுதியாகக் கற்றிருந்தார்கள். ஆனால் "நிறையக் கற்றுக்கொண்டதாக உணர்கிறீர்களா" என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தடுமாறித் தடுமாறிச் சிந்திப்பது கற்றலின் அடையாளம் என்பது அந்த நேரத்தில் மாணவருக்குத் தெரிவதில்லை; தனக்குப் புரியவில்லை என்றே அவர் அதை எடுத்துக்கொள்கிறார். மேலே சொன்ன நீர் அணைவு வகுப்பில் நடந்தது இதுதான்.

அமெரிக்க விமானப்படை அகாதெமியின் தரவுகளைக் கொண்டு ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கனமானது. அங்கே மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் போலப் பகிர்ந்து அனுப்பப்படுகிறார்கள். பாடத்திட்டமும் தேர்வும் எல்லாப் பிரிவுக்கும் பொது. ஆகவே ஆசிரியர்களை நேர்மையாக ஒப்பிட முடிந்தது. அறிமுக நுண்கணிதத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றார்கள், ஆசிரியருக்கும் நல்ல மதிப்பீடு தந்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்த மேல்நிலைப் பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்கவர்களிடம் படித்தவர்கள் முதலில் சற்றுக் குறைவாகப் பெற்று, குறைவாக மதிப்பிட்டு, பின்னால் முன்னேறினார்கள். முதலாண்டில் படித்ததன் மேல் அடுத்த பாடம் கட்டப்படும் துறைகளுக்கெல்லாம் இந்த முடிவு பொருந்தும் என்பது என் கருத்து. கனிம வேதியியல் அப்படிப்பட்டது: சீர்மை தெரியாமல் நிறமாலை இல்லை, நிறமாலை தெரியாமல் உயிர்க்கனிம வேதியியலில் ஒரு தாமிரப் புரதத்தின் நீல நிறத்தைக்கூட விளக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பே, 1970இல், அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ஓர் அறிஞராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள் முன்னால் பொருளற்ற உரையொன்றை நிகழ்த்தச் செய்தார்கள். கேட்டவர்கள் அதைப் பாராட்டினார்கள். அவர்கள் பட்டம் பெற்ற வல்லுநர்கள் என்பதை நினைவில் வைத்தால், பதினெட்டு இருபது வயதுப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டோம். நல்ல குரலும் சரளமும் யாரையும் ஈர்க்கும்.

சார்புகள் இன்னும் நுட்பமாகவும் வேலை செய்கின்றன. வட கரோலினாவில் ஓர் இணையவழிப் பாடத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தங்கள் பெயர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு நடத்திப் பார்த்தார்கள். 2015இல் அந்த ஆய்வு வெளியானது. பெண் பெயரில் நடத்தியவருக்கு, உண்மையில் அவர் யாராக இருந்தாலும், மதிப்பீடு குறைந்தது. விடைத்தாள்கள் ஒரே நேரத்தில் திருத்தித் தரப்பட்டிருந்தும், "விரைவாகத் திருத்தித் தருகிறார்" என்ற கேள்வியில்கூட ஆண் பெயருக்கே அதிக மதிப்பெண் கிடைத்தது. மாணவர் எண்ணிக்கை சிறியது என்பதால் இதை ஒரே சான்றாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும், கண்ணால் கண்டதைச் சொல்வதாக எண்ணும்போதே பார்வை வளையக்கூடும் என்பதை அது காட்டுகிறது. நம் துறைகளிலும் கண்டிப்பான ஆண் ஆசிரியரை "ஸ்ட்ரிக்ட், ஆனால் விஷயம் தெரிந்தவர்" என்றும், அதே அளவு கண்டிப்பான பெண் ஆசிரியரை "கோபக்காரர்" என்றும் சொல்வதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு பேராசிரியையைப் பற்றிய கருத்தில் குணத்தைக் குறிக்கும் சொற்கள் மட்டும் இருந்து, பாடத்தைப் பற்றி எதுவும் இல்லையென்றால், அந்தக் கருத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை.

நம் கல்லூரிகளுக்கே உரிய இன்னொரு பிளவும் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்தவர்களும் ஆங்கிலவழியில் வந்தவர்களும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஒரு கருத்தைத் தமிழில் விளக்கிவிட்டு ஆங்கிலக் கலைச்சொல்லை எழுதிப் போடும் ஆசிரியர், முதல் பிரிவினருக்கு வரம். இரண்டாம் பிரிவினரில் சிலருக்கு "தரம் போதாது". வேகமான ஆங்கிலத்தில் நடத்துபவர் பற்றி இதற்கு நேர்மாறான பேச்சு. இரண்டு பிரிவினரும் உண்மையையே சொல்கிறார்கள். ஆகவே கருத்துச் சொல்பவர் எந்தப் பின்புலத்திலிருந்து வந்தவர், உங்கள் பின்புலத்துக்கு நெருக்கமானவரா என்பதைப் பாருங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு இரண்டாமவருடைய வகுப்பில் தாக்குப்பிடித்த ஒரு மாணவரின் சொல், முதல் மதிப்பெண் பெற்ற பத்துப் பேரின் சொல்லைவிட உங்களுக்கு உதவக்கூடும்.

மதிப்பெண் பற்றிய குறையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்ற பங்கீடு இருக்கிறது. அந்த 25இல் தாராளமாக இருப்பவர் நல்லவர், கணக்காக இருப்பவர் கெட்டவர் என்ற பேச்சு எளிதில் கிளம்பும். இங்கே மாணவரை நான் குறை சொல்வதில்லை. ஓரிரு மதிப்பெண்ணில் உதவித்தொகையும் மேற்படிப்பும் கைநழுவும் குடும்பங்களிலிருந்து அவர்கள் வருகிறார்கள். ஆனால் "குறைவாகப் போடுகிறார்" என்பதும் "ஒரே விடைக்கு ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் போடுகிறார்" என்பதும் வெவ்வேறு குற்றச்சாட்டுகள். முதலாவது கண்டிப்பு, இரண்டாவது அநீதி. விடைத்தாளைத் திருப்பிக் காட்டுகிறாரா, எந்த இடத்தில் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டால் சொல்கிறாரா என்று விசாரியுங்கள். ஆம் என்றால், குறைந்த மதிப்பெண் போடுபவரிடம் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை.

இந்தக் கேள்வி உலக அளவில் பேசப்பட்டது 2022இல். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் நடத்திய மெய்ட்லண்ட் ஜோன்ஸ், அத்துறையில் பெயர் பெற்ற பாடநூலொன்றின் ஆசிரியர். வகுப்பில் இருந்த சுமார் 350 பேரில் 82 பேர், பாடம் மிகக் கடினமாக இருக்கிறது, மதிப்பெண் எங்கள் உழைப்பைக் காட்டவில்லை, உதவி போதவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். அவரை நீக்க வேண்டும் என்று அந்த மனு கேட்கவில்லை. நிர்வாகம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பலர் இதை மாணவர்களின் சோம்பல் என்றும், வேறு பலர் ஆசிரியரின் இரக்கமின்மை என்றும் எழுதினார்கள். மாணவர்கள் உதவி கேட்டார்கள்; அந்த வேண்டுகோளை ஆசிரியரின் தகுதி பற்றிய தீர்ப்பாக மாற்றியது நிர்வாகம் என்பதே என் எண்ணம். பெருந்தொற்றுக் காலத்தில் படிப்புப் பழக்கம் சிதைந்து வந்த ஒரு தலைமுறைக்குக் கூடுதல் பயிற்சி வகுப்பும் வழிகாட்டலும் தந்திருந்தால், ஆசிரியரையும் இழந்திருக்க வேண்டாம், மாணவரின் குரலையும் ஒதுக்கியிருக்க வேண்டாம்.

ஆய்வக வகுப்பைப் பற்றிய கருத்துகளில்தான் நான் மிகவும் கவனமாக இருப்பேன். ஓர் உப்பில் எந்த அயனிகள் இருக்கின்றன என்று கண்டறியும் கனிமப் பண்பறி பகுப்பாய்வில், "அந்த மேடம் எல்லாவற்றையும் மறுபடியும் செய்யச் சொல்வார்" என்பது நிரந்தரமான புகார். என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். கொடுக்கப்பட்ட உப்பில் பாஸ்பேட் இருக்கிறது. மாணவர் அம்மோனியம் மாலிப்டேட் சோதனையில் மஞ்சள் வீழ்படிவைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். ஆனால் பாஸ்பேட்டை நீக்காமலேயே, அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படியச் செய்யும் வரிசையில் மூன்றாம் தொகுதிக்குப் போய்விடுகிறார். அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் கரைசல் காரமானதும், கால்சியமோ பேரியமோ ஐந்தாம் தொகுதி வரை காத்திருக்காமல் பாஸ்பேட்டாக அங்கேயே வெள்ளையாக வீழ்படிகிறது. மாணவர் அதை அலுமினியம் என்று எழுதுகிறார். ஐந்தாம் தொகுதியில் எதுவும் இல்லை என்றும் எழுதுகிறார். ஒரே பிழை, இரண்டு தவறான முடிவு. "அலுமினியம் இல்லை, கால்சியம் என்று திருத்திக்கொள்" என்று விடையைச் சொல்லிவிட்டு நகரும் ஆசிரியர் மாணவரின் நன்றியைப் பெறுவார். "குறுக்கிடும் அயனி என்று நீயே எழுதியிருக்கிறாய்; எந்த இடத்தில் குறுக்கிடும்? அங்கிருந்து மீண்டும் தொடங்கு" என்று சொல்பவர், மதிய உணவு நேரம் தாண்டும் வரை மாணவரை நிறுத்தி வைத்தவர் என்ற பெயரைப் பெறுவார். பின்னாளில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்திலோ நீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ வேலைக்குப் போகும் மாணவருக்கு, மீண்டும் செய்யச் சொன்னவரிடம் கற்றதே கைகொடுக்கும். கருவிகள் மாறலாம்; ஒரு கூறு மற்றொன்றின் அளவீட்டைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை மாறுவதில்லை.

அப்படியானால் சீனியர்களிடம் எதைத்தான் கேட்பது? அடைமொழிகளைக் கேட்காதீர்கள், நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா, ஐந்து அலகையும் முடிக்கிறாரா, அல்லது கடைசி இரண்டு அலகையும் மாணவர் கருத்தரங்காகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறாரா? வகுப்பில் ஒரு மாணவர் தவறான விடை சொன்னால் அவர் என்ன செய்தார்; அந்த விடையை எடுத்துக்கொண்டு மேலே போனாரா, அவமானப்படுத்தினாரா? அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்டவர்கள் உண்டா, கேட்டபோது என்ன ஆயிற்று? மாதிரித் தேர்வின் கேள்விகள் நோட்ஸிலிருந்து அப்படியே வந்தனவா, புதிய சேர்மத்தைக் கொடுத்துச் சிந்திக்கச் சொன்னனவா? முடிந்தால் அந்த வினாத்தாளையே வாங்கிப் பாருங்கள். ஓர் ஆசிரியர் எதை முக்கியமாகக் கருதுகிறார் என்பதை அவருடைய வினாத்தாள் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டாது. அவமானப்படுத்துகிறார், சாதியையோ ஊரையோ சொல்லிப் பேசுகிறார், மாணவிகளிடம் வரம்பு மீறுகிறார் என்று ஒருவர் சொன்னாலும் அதை ஒதுக்காதீர்கள். கற்றலை அளப்பதில் மாணவர் தவறலாம். தமக்கு இழைக்கப்பட்டதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அப்படிப்பட்டவரின் புலமை எவ்வளவு பெரிதானாலும் விலகி இருப்பதே சரி. முறையான புகார்க் குழுவிடம் கொண்டு செல்வதும் சரி.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். இப்போது அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பவரைவிட, முடித்து ஓரிரு ஆண்டுகள் ஆனவரிடம் கேளுங்கள். நெட் தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள், வேறொரு நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள், பள்ளியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தவர்கள் ஆகியோரிடம் "யாருடைய பாடம் இன்றும் உங்களுக்குப் பயன்படுகிறது" என்று கேளுங்கள். கருத்து தலைகீழாக மாறியிருப்பதைப் பல இடங்களில் காண்பீர்கள். மாறாமல் இருந்தால், அதாவது அன்று புகழ்ந்தவரையே இன்றும் புகழ்ந்தால், அந்த ஆசிரியரைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். தெளிவும் ஆழமும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

விருப்பப் பாடத்துக்கும் ப்ராஜெக்ட் வழிகாட்டிக்கும் ஒரே அளவுகோலை வைக்காதீர்கள். விருப்பப் பாடத்தில், உங்களுக்கு எந்த அலகு பலவீனமோ அதைக் காரணத்தோடு நடத்துபவரிடம் போங்கள். நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் அது இரண்டாமவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் போகாதீர்கள்: அவர் வகுப்புக்கு முந்தைய இரவு அந்தத் தலைப்பை எளிய பாடநூல் ஒன்றில் படித்துவிட்டுப் போனால், அவருடைய மூன்றாவது எடுத்துக்காட்டு உங்களுக்குக் குழப்பமாக இராது. ப்ராஜெக்ட்டுக்கு வகுப்புத் திறமை பெரிதாகப் பொருட்டில்லை. வாரத்தில் எத்தனை முறை ஆய்வகத்துக்கு வருகிறார், அணைவைத் தயாரித்தபின் அகச்சிவப்பு நிறமாலையும் காந்தத் திருப்புத்திறனும் எடுக்கக் கருவி வசதி துறையில் இருக்கிறதா, இல்லையென்றால் மாதிரிகளை வெளியே அனுப்பும் செலவை யார் ஏற்கிறார்கள், ஆய்வேட்டின் வரைவைப் படித்துத் திருத்தித் தருகிறாரா என்பவற்றை, சென்ற ஆண்டு அவரிடம் ப்ராஜெக்ட் செய்தவர்களிடமே கேளுங்கள். வகுப்பில் திணறும் சிலர் ஆய்வகத்தில் மிகச் சிறந்த வழிகாட்டிகளாக இருக்கிறார்கள்.

கடைசியாக, நீங்களும் பருவ இறுதியில் கருத்துப் படிவம் நிரப்பப் போகிறீர்கள். தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழுவான நாக், 2017இல் திருத்திய தன் மதிப்பீட்டு முறையில் மாணவர் மனநிறைவு ஆய்வையும் சேர்த்தபின், இந்தப் படிவங்களுக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது. கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் நடுவர் ஒருவர், பதவி உயர்வுக்காக ஆசிரியரின் கற்பித்தல் திறனை அளக்க இத்தகைய மதிப்பீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நம்மிடம் அந்த விவாதம் இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. ஆகவே ஐந்துக்கு எத்தனை என்ற கட்டத்தை நிரப்புவதோடு நிறுத்தாமல், கீழே விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தில் இரண்டு வரியாவது எழுதுங்கள். "பாடம் புரியவில்லை" என்று எழுதினால் ஆசிரியருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "எலக்ட்ரான் எண்ணும் முறையில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை அலகின் தொடக்கத்திலேயே சொன்னால் உதவியாக இருக்கும், நீர் அணைவு பற்றிய கேள்வியின் விடையை அதே வகுப்பின் இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்" என்று எழுதினால், அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் உட்காரும் மாணவருக்கு அது நேரடியாகப் பயன்படும்.